மக்தப் வேறு, மதரஸா வேறு: இஸ்லாமியக் கல்வியில் ‘நடுநிலை’ எந்தத் தட்டில் இருக்கிறது?

உத்தரப் பிரதேச மதரஸா கல்வி வாரியச் சட்டத்தை அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மார்ச் 22 அன்று ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, சட்டம் செல்லும் என்றது. இரண்டு தேதிகளுக்கும் இடையில் ‘மதரஸா’ என்ற சொல் தொலைக்காட்சி விவாதங்களில் ஓயாமல் அடிபட்டது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உட்கார்ந்து அதைக் கேட்டவருக்கு, தெருக்கோடிப் பள்ளிவாசலில் சாயங்காலம் பிள்ளைகள் ஓதும் வகுப்புதான் நினைவுக்கு வந்திருக்கும். நீதிமன்றம் பேசியது அதைப் பற்றி அல்ல.

இந்தக் குழப்பம் போதாதென்று, இந்தோனேசியாவிலிருந்து ‘மத மிதவாதம்’, ‘பன்மைப் பண்பாட்டுக் கல்வி’ என்ற சொற்களும் கல்வி பற்றிய விவாதங்களுக்குள் வந்துவிட்டன. இஸ்லாமியப் பாடசாலைகளில் மிதவாதத்தைப் பாடமாக வைக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். எங்கள் மார்க்கத்துக்கு அதை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை என்கிறார்கள் வேறு சிலர். எந்தப் பாடசாலை, என்ன மிதவாதம், யாருக்கு என்று பிரித்துப் பார்த்தால்தான் இதில் பேச ஏதாவது இருக்கும்.

முதலில் தட்டுகளைப் பிரிப்போம்

தமிழ்நாட்டில் ‘மதரஸா’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று தட்டுகள் உண்டு.

1. மக்தப். ஐந்து வயது முதல் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் ஓத வரும் இடம். சில ஊர்களில் பஜ்ர் (அதிகாலை) தொழுகைக்குப் பின், பெரும்பாலும் அஸர் (பிற்பகல்) அல்லது மஃரிபுக்கு (அந்தி) பின். பகலில் இவர்கள் எல்லோரையும் போல அரசுப் பள்ளியிலோ மெட்ரிக் பள்ளியிலோ படிப்பவர்கள்.

2. ஹிஃப்ழ் மதரஸா. குர்ஆனின் 30 பாகங்களையும், 114 அத்தியாயங்களையும் மனப்பாடம் செய்யும் இடம். முடித்தவர் ‘ஹாபிழ்’. பெரும்பாலும் தங்கிப் படிப்பது.

3. அரபிக் கல்லூரி. ஏழெட்டு ஆண்டுகள் படித்து ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், ஆகும் இடம். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத், 1924இல் தொடங்கிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் போன்றவை இந்த வகை. ஒருவர் பெயருக்குப் பின்னால் ‘பாகவி’ என்றிருந்தால் வேலூர். ‘உமரி’ என்றிருந்தால் உமராபாத். திருமண அழைப்பிதழில் நிக்காஹ் ஓதுபவரின் பெயரைப் பார்த்தே அவர் எங்கே படித்தவர் என்று சொல்லிவிடலாம்.

உத்தரப் பிரதேச வழக்கு இந்த மூன்றையும் சேராத நான்காவது வகை பற்றியது: மாநில வாரியம் அங்கீகரித்து, பொதுப் பாடங்களையும் சேர்த்து நடத்தி, தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் மதரஸா. தமிழ்நாட்டில் அப்படி ஒரு வாரியமே கிடையாது.

2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை இந்தக் குழப்பத்தைத் தனியாகவே எடுத்துப் பேசியது. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் மட்டும் படிப்பவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 3 விழுக்காடுதான் என்றும், மக்தப்பை மதரஸாவோடு சேர்த்து எண்ணுவதாலேயே அந்தத் தொகை பெருத்துத் தெரிகிறது என்றும் அது சொன்னது. ஆக, ஒரு முஸ்லிம் பிள்ளையின் மார்க்கக் கல்வி என்றால் பெரும்பாலும் மக்தப்தான்.

மக்தப்பில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் வரும் பிள்ளைகள் ஒளூ செய்துவிட்டு (கை, முகம், கால் கழுவிவிட்டு) பாயில் வரிசையாக உட்காருவார்கள். முன்னால் ரிஹால் என்ற மடக்குப் பலகை, அதன்மேல் எழுத்துகளும் எழுத்துக்கூட்டும் கற்றுத் தரும் காயிதா. ஒவ்வொருவராக எழுந்துபோய் அன்றைய ‘சபக்’கை, அதாவது பாடத்தை, ஓதிக்கொடுக்கும் ஆசிரியரான ஹஜ்ரத்திடம் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்துவிட்டால் அடுத்த வரி. தடுமாறினால் நாளைக்கும் அதே வரி. ஒரே நேரத்தில் முப்பது பிள்ளைகள் முப்பது வரிகளை உரக்க ஓத, அந்த இரைச்சலுக்குள் எவன் எந்த எழுத்தைத் தவறவிட்டான் என்று ஹஜ்ரத் பிடித்துவிடுவார். கடைசிப் பதினைந்து நிமிடம் தொழுகை முறை, துஆக்கள் (வேண்டுதல்கள்), நபிமார் கதைகள். விளக்கிச் சொல்வதற்கென்று இருக்கும் நேரம் அந்தப் பதினைந்து நிமிடம்தான். மிதவாதத்தைப் பாடமாக வைக்கச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

‘மிதவாதம்’ என்ற சொல் செய்யும் வேலை

தமிழில் மிதவாதி என்ற சொல்லுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1907 சூரத் காங்கிரஸில் கட்சி பிளந்தபோது ஒரு பக்கம் மிதவாதிகள், மறுபக்கம் தீவிரவாதிகள். வ.உ.சி.யும் பாரதியும் நின்றது தீவிரவாதிகள் பக்கம். அன்றைக்கு அது பெருமைக்குரிய பெயர். பிறகு ‘தீவிரவாதி’ என்ற சொல் குண்டு வைப்பவனைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. அதன் எதிர்ச்சொல்லாக ‘மத மிதவாதம்’ என்று எழுதினால், பேச்சு தானாகவே கல்வியை விட்டுக் காவல் துறைக்குப் போய்விடுகிறது. அதுமட்டுமல்ல, மிதவாதி என்றால் மார்க்கத்தில் அரைகுறை என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. ஐந்து வேளை தொழுபவர் மிதவாதியா, வெள்ளிக்கிழமை மட்டும் தொழுபவர் மிதவாதியா என்ற வேடிக்கையான கேள்வி பிறப்பது இதனால்தான்.

அரபியில் இதற்கான சொல் ‘வஸதிய்யா’. ‘வஸத்’ என்றால் நடு. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 143ஆம் வசனம் முஸ்லிம்களை ‘உம்மத்தன் வஸதன்’, நடுநிலையான சமுதாயம் என்கிறது. அந்த அத்தியாயத்தில் மொத்தம் 286 வசனங்கள்; 143 சரியாக நட்டநடு. பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) ரசித்துச் சொல்லப்படும் செய்தி இது.

நடு என்றால் இரண்டு ஓரங்கள் இருக்க வேண்டும். உருது பேசும் ஹஜ்ரத்மார்கள் அவற்றை ‘இஃப்ராத்’, ‘தஃப்ரீத்’ என்பார்கள்: மிகையும் குறையும். மிகை என்பது முதலில் அடுத்த மதத்தவரோடு நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியதே அல்ல. புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் வரும் ஒரு நபிமொழியில் மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர் இரவெல்லாம் தொழப் போவதாகவும், ஒருவர் நாள்தோறும் நோன்பு வைக்கப் போவதாகவும், ஒருவர் திருமணமே செய்யப் போவதில்லை என்றும் சொல்கிறார்கள். நான் நோன்பும் வைக்கிறேன், விடவும் செய்கிறேன். தொழவும் செய்கிறேன், உறங்கவும் செய்கிறேன். மணமும் செய்கிறேன் என்று நபி அவர்களைத் திருத்துகிறார். பக்தியே அளவு மீறலாம் என்பதுதான் இங்கே பாடம். இந்தப் பொருளில் நடுநிலை எந்த ஆலிமுக்கும் அந்நியமானதல்ல. ஆகவே இந்தக் கட்டுரையில் இனி ‘நடுநிலை’ என்றே குறிப்பிடுவோம்.

கருத்து வேறுபாட்டைப் பாடமாக வைத்திருக்கும் மரபு

நடுநிலையைக் கற்பிக்க இஸ்லாமிய மரபில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் ‘இக்திலாஃப்’, அறிஞர்களின் கருத்து வேறுபாடு.

ஸுன்னி முஸ்லிம்களிடம் நான்கு சட்ட மரபுகள், அதாவது மத்ஹப்கள் உள்ளன. அபூஹனீபா, மாலிக், ஷாபிஈ, அஹ்மத் பின் ஹன்பல் ஆகியோரின் பெயரால் அமைந்தவை. இவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்லர். மாலிக்கிடம் படித்தவர் ஷாபிஈ. ஷாபிஈயிடம் படித்தவர் அஹ்மத். அபூஹனீபாவின் மாணவர் முஹம்மதிடமும் ஷாபிஈ பாடம் கேட்டிருக்கிறார். ஆசிரியரிடமிருந்து மாணவர் வேறுபடுவது தொடக்கத்திலேயே அனுமதிக்கப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பெரும்பாலும் ஹனபி, அதாவது அபூஹனீபாவின் மரபு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாபி, அதாவது ஷாபிஈயின் மரபு. கிருஷ்ணகிரிப் பையன் காயல்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், பஜ்ர் தொழுகையில் இமாம் குனூத் என்ற வேண்டுதலை ஓதக் கேட்டு விழிப்பான். கணவாய் வறுவலைப் பார்த்தால் இன்னும் விழிப்பான்: ஹனபியில் கடல்வாழ் உயிர்களில் மீன் மட்டும்தான் கூடும் (உண்ண அனுமதி), ஷாபியில் கணவாயும் கூடும். தொழுகை நேர அட்டவணையில் அஸருக்கு இரண்டு நேரம் போட்டிருப்பதும் இதனால்தான். நிழல் பொருளின் அளவுக்கு நீண்டால் ஒரு மரபில் அஸர் தொடங்கிவிடும். இன்னொன்றில் இரு மடங்காக வேண்டும்.

அரபிக் கல்லூரியில் இது முறையாகக் கற்பிக்கப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் மர்ஙீனானி எழுதிய ‘ஹிதாயா’ ஹனபிச் சட்டத்தின் முக்கியப் பாடநூல். அதன் நடையே விவாத நடை. ஒரு சட்டத்தைச் சொல்லும். அபூஹனீபாவின் இரண்டு மாணவர்கள் தம் ஆசிரியரிடமிருந்து எங்கே வேறுபடுகிறார்கள் என்று சொல்லும். ஷாபிஈ என்ன சொல்கிறார், அவருடைய சான்று என்ன என்று அவர் தரப்பை எடுத்து வைக்கும். அதன் பிறகே தன் பக்கத்து விடையைக் கூறும். எதிர்த்தரப்பை அதன் பலத்தோடு எடுத்துரைக்காமல் மாணவன் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. இதைவிட நல்ல நடுநிலைப் பயிற்சியை எந்த அமைச்சகமும் புதிதாக வடிவமைத்துவிடப் போவதில்லை என்பது என் எண்ணம்.

சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. ஹிதாயா மேல்மாடியில் இருக்கிறது. பிள்ளைகள் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தொழுகையில் கையை எங்கே கட்ட வேண்டும் என்று ஒரே விடைதான் சொல்ல முடியும். நான்கு விடை சொன்னால் அது தொழாமலே போய்விடும். மக்தப் ஒற்றை விடையைக் கற்பிப்பது குற்றமில்லை. வேறு விடைகளும் உண்டு என்று தெரிவதற்குள் அந்தப் பிள்ளை மக்தப்பை விட்டுப் போய்விடுவதுதான் குறை. பெரியவனான பிறகு ஒருநாள் தொழுகையில் பக்கத்தில் நிற்பவர் ‘ஆமீன்’ என்று சத்தமாகச் சொல்லக் கேட்டு, இவர் வேறு கூட்டம் என்று முடிவு கட்டுவது அதன் விளைவு. ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹ் 8 ரக்அத்தா (சுற்றா), 20 ரக்அத்தா என்ற சண்டையில் பல ஜமாஅத்துகள் (பள்ளிவாசல் சபைகள்) உடைந்தது தமிழ் முஸ்லிம்கள் அறியாததல்ல.

இந்தோனேசியா என்ன செய்தது?

இந்தோனேசிய மக்களில் சுமார் 87 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். 1912இல் தொடங்கிய முஹம்மதியா, 1926இல் தொடங்கிய நஹ்ழதுல் உலமா என்ற இரண்டு பெரும் அமைப்புகள் அங்கே ஆயிரக்கணக்கான பாடசாலைகளை நடத்துகின்றன. தங்கிப் படிக்கும் மார்க்கப் பள்ளிகளுக்குப் ‘பெசந்த்ரென்’ என்று பெயர். 1975இலேயே மூன்று அமைச்சர்களின் கூட்டு ஆணை ஒன்று, மதரஸாக்களில் 70 விழுக்காடு பொதுப் பாடம் என்று வகுத்து, அந்தச் சான்றிதழைப் பள்ளிச் சான்றிதழுக்கு இணையாக்கியது.

‘மொடெராசி பெராகாமா’, அதாவது மதத்தைப் பின்பற்றுவதில் நடுநிலை, என்ற கொள்கையை அந்நாட்டு மத விவகார அமைச்சகம் 2019இல் நூலாகவே வெளியிட்டது. அப்போது அமைச்சர் லுக்மான் ஹகீம் சைபுத்தீன். அதே ஆண்டில் பெசந்த்ரென்களுக்கென்று 18ஆம் எண் சட்டம் வந்தது. 2023இல் 58ஆம் எண் அதிபர் ஒழுங்குவிதி நடுநிலையை எல்லா அரசுத் துறைகளின் வேலையாகவும் ஆக்கியது. ஒருவர் நடுநிலையாளரா என்பதற்கு அவர்கள் வைத்த அடையாளங்கள் நான்கு:

1. நாட்டின் அடிப்படைக் கொள்கையையும் அரசமைப்பையும் ஏற்பது.
2. பிறருடைய நம்பிக்கைக்கு இடம் கொடுப்பது.
3. வன்முறையை மறுப்பது.
4. மார்க்கத்துக்கு முரணாகாத உள்ளூர்ப் பண்பாட்டை ஏற்பது.

சொல்லுக்குத் திட்டமான பொருள் கொடுத்தது இதில் எனக்குப் பிடித்தது. மதத்தை மட்டுப்படுத்துவது நோக்கமல்ல, மதத்தைப் பின்பற்றும் முறையில்தான் நடுநிலை தேவை என்று அவர்கள் பிரித்துச் சொன்னார்கள். நான்காவது அடையாளமும் கவனிக்கத்தக்கது. சட்ட மரபில் இதற்கு ‘உர்ஃப்’ என்று பெயர்: ஊர் வழக்கம் மார்க்கத்தோடு மோதாதவரை அதுவும் ஓர் ஆதாரம்.

ஆனால் இதே நாடு 2008இல் ஓர் அமைச்சர்கள் கூட்டு ஆணை மூலம் அஹ்மதியா பிரிவினர் தங்கள் கொள்கையைப் பரப்பத் தடை போட்டது. 1965ஆம் ஆண்டின் மத நிந்தனைச் சட்டமும் அங்கே இருக்கிறது. நடுவை அரசு வரையும்போது ஓரங்களையும் அரசே வரைந்துவிடுகிறது. இந்த ஆபத்தை அந்தக் காலத்திலேயே உணர்ந்தவர் இமாம் மாலிக் என்று ஒரு மரபுச் செய்தியை வைத்துச் சொல்லலாம்: அவர் தொகுத்த முவத்தா என்ற நூலை எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே சட்டமாக்கிவிடலாம் என்று அப்பாஸிய கலீபா கேட்க, ஒவ்வொரு ஊர் மக்களும் தங்களை வந்தடைந்த அறிவின்படி நடக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுங்கள் என்று மறுத்தாராம்.

இந்தக் கொள்கையைக் கிருஷ்ணகிரிக்கு அப்படியே தூக்கி வர முடியாது. அங்கே அது பெரும்பான்மையினர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது: எங்களுக்குப் பலம் இருக்கிறது, அடுத்தவருக்கு இடம் விடுவோம். 2011 கணக்கெடுப்பின்படி 18.8 லட்சம் பேர் வாழும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 6 விழுக்காடு. அவர்களிடம் போய் இதே முதல் அடையாளத்தைக் கேட்டால் அது விசுவாசச் சோதனை போலத்தான் காதில் விழும்.

சட்டம் சொல்வது

சட்டப் பகுதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1. அரசமைப்பின் 28ஆம் பிரிவு: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிலையங்களில் ஒப்புதல் இல்லாமல் எவரையும் மதபோதனையில் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது. சிறுவரானால் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும்.

2. 30ஆம் பிரிவு: மதச் சிறுபான்மையினருக்கும் மொழிச் சிறுபான்மையினருக்கும் கல்வி நிலையம் நடத்தும் உரிமை. கிருஷ்ணகிரியின் உருது முஸ்லிம்கள் இரண்டு வகையிலும் வருகிறார்கள்.

3. மதபோதனை வேறு, மதங்களைப் பற்றிய கல்வி வேறு என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. முன்னதற்குத்தான் தடை. பன்மைப் பண்பாட்டுக் கல்விக்கு அரசுப் பள்ளியில் இடமிருப்பது இந்தப் பிரிவினையால்.

4. கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம், மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது.

5. 2024 நவம்பர் தீர்ப்பு: கல்வித் தரத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம், மதக் கல்வி இருக்கிறது என்பதற்காகவே ஒரு சட்டம் மதச்சார்பின்மைக்கு எதிராகிவிடாது. ஆனால் பட்டப் படிப்புக்கு இணையான காமில், முதுநிலைக்கு இணையான ஃபாஸில் ஆகியவற்றை மதரஸா வாரியம் வழங்க முடியாது. அது பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தோடு மோதுகிறது.

வாரியமே இல்லாத தமிழ்நாட்டில் ஐந்தாவது அம்சம் நேரடியாக எதையும் மாற்றவில்லை. மக்தப்புக்கு அங்கீகாரமும் இல்லை, ஆய்வாளரும் இல்லை, பொதுப் பாடநூல் குழுவும் இல்லை. சம்பளம் தருவது ஜமாஅத். ஆளை வைப்பது முத்தவல்லியும் (பள்ளிவாசல் பொறுப்பாளர்) நிர்வாகிகளும். ஆகவே என்ன கற்பிக்கப்படுகிறது என்பது அந்த ஹஜ்ரத் எந்தக் கல்லூரியில் படித்தார், எவ்வளவு பொறுமைசாலி, ஜமாஅத்துக்கு எவ்வளவு பயப்பட வேண்டியவர் என்பதைப் பொறுத்தது.

பன்மை இங்கே எந்த உருவில் இருக்கிறது?

பாரமகால் எனப்பட்ட இந்தப் பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் கால மைசூர் ஆட்சியில் இருந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கைமாறியது. கர்நாடகமும் ஆந்திரமும் தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே பேருந்தில் கேட்கும். இங்குள்ள உருதும் லக்னோ உருது அல்ல, தக்னி. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பார்கள். அந்தச் சொல் மராத்தி வழியாக வந்தது.

எனவே பன்மைப் பண்பாடு என்பது மக்தப் பாயிலேயே தொடங்கிவிடுகிறது. உருது வீட்டுப் பிள்ளை ‘அலிஃப், பே, தே’ என்று படிக்கும். தமிழ் வீட்டுப் பிள்ளை ‘அலிஃப், பா, தா’ என்று படிக்கும். ஒன்று ரம்ஜான் என்னும், மற்றொன்று ரமழான் என்னும். ரமழானில் வரும் அரபியின் ‘ளாத்’ எழுத்துக்குத் தமிழ் முஸ்லிம்கள் பலர் எழுத்தில் கொடுத்திருப்பது ழகரத்தை. தமிழுக்கே சிறப்பென்று நாம் மார்தட்டும் எழுத்து ரமழானுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ‘பள்ளிவாசல்’ இன்னும் சுவையானது. கல்வெட்டுகளில் ‘பள்ளி’ என்பது சமணர்களின் இருப்பிடம். தகடூர் நாட்டில் (இன்றைய தருமபுரிப் பகுதி) சமணம் வேரூன்றியிருந்த காலத்துச் சொல். தொழுகை, நோன்பு இரண்டும் அதே போலப் பொதுவில் எடுத்தவை. பிள்ளைக்கு இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். தனிப் பாடநூல் தேவையில்லை.

மற்ற மதத்துப் பிள்ளைகளோடு உட்காரும் அனுபவம் பகல் பள்ளியில் கிடைக்கிறது. மக்தப் அதைத் தர முடியாது, தரவும் வேண்டியதில்லை. பகலில் கிடைத்ததைச் சாயங்காலம் கெடுக்காமல் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. அதற்கு ஒரே சோதனை, பிள்ளைகள் கொண்டுவரும் கேள்விகளுக்கு வரும் விடை. கூட்டாளி வீட்டுப் பொங்கலைச் சாப்பிடலாமா? மாரியம்மன் திருவிழாக் கூழ்? ஓசூர் சிப்காட் பட்டறையில் அப்பாவுக்கு ஆயுத பூஜைப் பொரிகடலை கொடுத்தார்கள், தின்னலாமா?

விடைகள் மூன்று விதமாக வரும்.

1. எல்லாம் ஹராம், அவர்களோடு சேராதே. ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்.

2. எல்லாச் சாமியும் ஒன்றுதான், தின்னு. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஹஜ்ரத்தே நம்பாத ஒன்றை அவர் வாயால் சொல்லச் சொல்வது அது. பிள்ளைகள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

3. வகைபிரிப்பது. பக்கத்து வீட்டார் அன்பாகக் கொடுக்கும் சாப்பாடு ஒன்று. படையலில் வைத்தது ஒன்று. படையலில் கலந்துகொள்வது இன்னொன்று. முதலாவதில் தடையில்லை. படையலை, இறைவன் அல்லாத பெயரில் படைத்தது பற்றிய குர்ஆனின் 2:173 வசனத்தை வைத்துப் பல ஆலிம்கள் தவிர்க்கச் சொல்வார்கள். ஆனால் மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது: முகம் சுளிக்கக் கூடாது. பிறர் வணங்குவதை ஏசக் கூடாது என்று 6:108 நேரடியாகவே சொல்கிறது. போரிடாதவர்களோடு நன்மையாகவும் நீதியாகவும் நடப்பதை இறைவன் தடுக்கவில்லை என்பது 60:8.

மூன்றாவதுதான் வஸதிய்யா. இந்த விடையில் ஒரு பிள்ளை கடைசியில் பிரசாதத்தை மறுக்கவும் செய்யலாம். அதைத் தீவிரம் என்று சொல்வது பிழை. மாமிசம் சேர்க்காத வீட்டுக்காரர் பக்ரீத் பிரியாணியை மறுக்கிறார். அவரை யாரும் தீவிரவாதி என்பதில்லை. மறுப்போடு இளக்காரம் சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் என்ற நபித்தோழர் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்ட செய்தி அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் இருக்கிறது. பக்ரீத் வாரத்தில் இதைச் சொல்லிவிட்டால் பன்மைப் பண்பாட்டுப் பாடம் அன்றைக்கு முடிந்தது.

பதினான்கு வயதில் விழும் ஓட்டை

இத்தனையும் மக்தப் வயதுக்கு. கேள்விகள் கூர்மையாவது அதற்குப் பிறகு. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் டியூஷன் சாயங்காலத்தை எடுத்துக்கொள்கிறது; பிள்ளை மக்தப்பிலிருந்து நின்றுவிடுகிறது. அரபிக் கல்லூரிக்குப் போவது நூற்றில் ஓரிருவர் என்றாலே அதிகம். ஹிதாயா அந்த ஓரிருவருக்கு. மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முந்தைய பயான்.

மொழி இதை இன்னும் இறுக்குகிறது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம். மொழிச் சிறுபான்மை மாணவர்கள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2023 பொதுத் தேர்வுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால விலக்கும் அளித்தது. வழக்கு எப்படிப் போனாலும், பேச்சில் தக்னியும் எழுத்தில் தமிழுமாக ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. தாத்தா அலமாரியில் இருக்கும் மார்க்க நூல்கள் உருது எழுத்தில். பேரனால் படிக்க முடியாது. உருதுவில் நடக்கும் பயானின் பேச்சு மொழி புரியும், கனமான சொற்கள் வந்தால் நழுவிவிடும். எனவே தமிழில் எவர் சுருக்கமாகவும் உறுதியாகவும் பேசுகிறாரோ அவர் ஆசிரியராகிவிடுகிறார். யூடியூபில் ஒரு நிமிடக் காணொளியில் ஷாபிஈயின் சான்று, நம் சான்று என்றெல்லாம் பேச முடியாது. அது மக்தப்பின் ஒற்றை விடையைப் பெரியவர்களுக்கான குரலில் திருப்பிச் சொல்கிறது, கூடவே மறுபக்கத்தை ஏசியும் வைக்கிறது.

ஆகவே ஒரு ஜமாஅத் எதையாவது மாற்ற நினைத்தால், காயிதா ஓதும் பிள்ளைக்கு மிதவாதப் பாடம் எழுதுவதைவிட, பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ளவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் தமிழில் இக்திலாஃப் சொல்லித் தர ஓர் ஆலிமை உட்கார வைப்பது பயன் தரும். நான்கு இமாம்களும் ஏன் வேறுபட்டார்கள் என்று ஒரே ஒரு சட்டத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாலும் போதும், அஸர் நேரமோ கணவாயோ. ஆலிம்களுக்கு இதைச் சொல்லித் தரத் தெரியும். அவர்கள் ஏழு வருடம் படித்ததே இதைத்தான். கேட்க ஆள் உட்கார வேண்டும்.

இப்போதைக்கு இதற்கு நெருக்கமாக இருப்பது மே மாதத்தில் பல ஜமாஅத்துகள் நடத்தும் கோடைக்கால தீனியாத் (மார்க்கக் கல்வி) வகுப்பு. அதற்கும் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். கிருஷ்ணகிரியில் மே என்றால் மாங்காய்ப் பருவம். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் மண்டியில் கூடை தூக்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது கூழ் ஆலைக்குப் போகும் வண்டியில் இருப்பார்கள். வகுப்பை அவர்கள் வீடு திரும்பும் இஷா (இரவு) தொழுகைக்குப் பின் வைக்கலாமா என்பது நிர்வாகக் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் முடிவாகக்கூடிய விஷயம்.